மாடிப்படி வைத்தியம்

1971 ஜூன் 28, திங்கட்கிழமை. ஆனி மாதம் 14.

ஐந்து மணிக்கு முன்பே எழுந்துவிட்டேன். தெருக்குழாயில் ஐந்துக்குத் தண்ணீர் விடுவார்கள். ஆறு அடிப்பதற்குள் நின்றுவிடும். நான் குடங்களை நிரப்பிக்கொண்டு வருவதற்குள் தம்பி மனைவி வாசல் தெளித்துக் கோலம் போட்டிருந்தாள். தம்பி தறியின் முன்னால் விளக்கேற்றி, நூல் ஓட்டும் நாடாவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தறிக்குழியில் கால் வைத்தான். அவன் மகள் பல் விளக்கி முகம் கழுவிக்கொண்டு வந்து, முற்றத்து மூலையில் இருக்கும் மாடிப்படியில் ஏறி இறங்க ஆரம்பித்தாள்.

அது அவளுடைய வைத்தியம். தினம் பத்து முறை. அவள் அம்மா அடுப்பங்கரையில் இருந்தபடியே எண்ணுவாள்.

"ஏழு... மெதுவா போம்மா, செவுத்த புடிச்சிக்கோ... எட்டு."

எட்டுக்கு மேல் அவள் உதடு நீலம் பாரித்துவிடும். பத்து முடிந்ததும் கடைசிப் படியில் உட்கார்ந்து, சுவரில் தலை சாய்த்து, வாயைத் திறந்து மூச்சு வாங்குவாள். அது அடங்கிய பிறகுதான் அவளுக்குக் காப்பி. ஏறக்குறைய இரண்டு வருடமாக எங்கள் வீட்டில் பொழுது இப்படித்தான் விடிந்துகொண்டிருந்தது.

அன்றைய மற்ற வேலைகளும் என் நாட்குறிப்பில் வரிசையாக இருக்கின்றன. குளித்தேன். பூண்டு ரசமும் கத்தரிக்காய்ப் பொரியலும் செய்தேன். ஒன்பதரைக்குப் பள்ளிக்கூடம். நான் நகராட்சி ஆரம்பப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. காலையில் பின்னக் கணக்கு நடத்தினேன். பிற்பகலுக்கு அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தேன். இரண்டு மணிக்கு ஜீப் வரும், தம்பி மகளை அழைத்துக்கொண்டு போகவேண்டும். எப்போதும் அவள் அம்மாதான் கூடப் போவாள். அந்த வாரம் வெள்ளிக்கிழமை மகளுக்கு நிச்சயதாம்பூலம் என்பதால் அம்மாவுக்குத் தட்டு, பழம், பூ என்று ஆயிரம் வேலை.

"அண்ணி, இந்த ஒரு தடவ நீங்க போய்ட்டு வந்துடுங்க. ஒன்னும் இல்ல, சும்மா கூட இருந்தா போதும்," என்றாள்.

ஒன்றும் இல்லை என்றுதான் நானும் நினைத்துக்கொண்டு போனேன்.

அந்த ஜீப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு வெளியே, முசரவாக்கம் போகிற பக்கத்தில், டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைகள் வந்து தங்கிக் கிராமத்து வைத்தியம் கற்றுக்கொள்வதற்கு ஒரு நிலையம் இருந்தது. பட்டணத்துக் கல்லூரியில் இருந்து ஒரு கூட்டம் வரும், சில வாரம் இருக்கும், போகும், அடுத்த கூட்டம் வரும். ஒவ்வொரு கூட்டத்தையும் பேட்ச் என்பார்கள். 1969இல் வந்த ஒரு பேட்ச், நெசவாளர் தெருக்களில் வீடு வீடாக நுழைந்து எல்லோரையும் சோதித்தது. எங்கள் வீட்டுக்கு வந்த பையன் தம்பி மகளின் நெஞ்சில் குழாயை வைத்தான், முகம் மாறினான், வாசலுக்கு ஓடித் தெருவின் அந்தக் கோடி வரை கேட்கும்படி மற்றவர்களைக் கூப்பிட்டான். எல்லோரும் ஓடிவந்து ஒருவர் மாற்றி ஒருவர் கேட்டார்கள். புதையல் கிடைத்த மாதிரி இருந்தது அவர்கள் முகம்.

மறுநாள் ஜீப் வந்தது. அவர்களுக்குப் பாடம் சொல்லும் பெரிய டாக்டர் தம்பி மனைவியிடம், "நெஞ்சு கொஞ்சம் பலவீனமா இருக்கும்மா. கூப்பிடும்போதெல்லாம் அனுப்பி வைங்க, கவலைப்படாதீங்க," என்றாராம். சத்து மாத்திரை ஒரு பொட்டலம் கொடுத்தாராம். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எந்த பேட்ச் வந்தாலும் சில தடவை ஜீப் எங்கள் வாசலில் வந்து நிற்கும். தெருவில் அது பெருமையான விஷயம். எதிர்வீட்டுக்காரி வாய்விட்டே கேட்பாள்:

"இன்னாம்மா, கலெக்டர் பொண்ணுக்குக் கூட இவ்ளோ டாக்டருங்க வரமாட்டாங்க போலருக்குதே! உம்பொண்ணு இன்னா வரம் வாங்கிக்கினு வந்தாளோ."

தம்பிக்கும் அதில் பெருமைதான். ஒவ்வொரு பேட்ச் ஊருக்குக் கிளம்பும்போதும் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் பழமும் மல்லிகைச் சரமும் வைத்து நிலையத்துக்குக் கொடுத்தனுப்புவான். பெண்ணைக் குணப்படுத்துகிறவர்களுக்கு மரியாதை செய்யவேண்டாமா? அந்தத் தாம்பாளத்தை நினைத்தால் இந்த 1977இலும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

மாடிப்படியும் அங்கிருந்து வந்ததுதான். நிலையத்தில் அவளைச் சோதிப்பதற்கு முன்னால் தாழ்வாரப் படிகளில் சில தடவை ஏறி இறங்கச் சொல்வார்கள். ஒவ்வொரு முறையும், ஒவ்வொரு பேட்ச்சும். டாக்டர்கள் இவ்வளவு கண்டிப்பாகச் செய்யச் சொல்கிறார்கள் என்றால் அதில் ஏதோ குணம் இருக்கவேண்டும், ஜீப் வராத நாட்களில் அது விட்டுப்போகக்கூடாது என்று தாயும் மகளும் முடிவு செய்துகொண்டார்கள். கோயிலைச் சுற்றுவதாக வேண்டிக்கொண்டவர்கள் ஒரு சுற்றுக் குறைந்தால் பதறுவதைப் போல, ஒருநாள் ஒன்பதோடு நின்றுவிட்டால் தம்பி மனைவி பதறுவாள். தறியிலும் அவளுக்கு வேலை இருந்தது. தம்பி புடவையின் உடலுக்கு நாடா எறிய, அவள் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா எறிவாள். கொஞ்ச நேரத்தில் கை தளர்ந்துவிடும். "சோம்பேறி, படியேறத் தெரியுது, நாடா எறிய முடியல," என்று தம்பி திட்டுவான். அவள் சிரிப்பாள்.

இரண்டு மணிக்கு ஜீப் வந்தது. அவள் நிச்சயத்துக்கென்று தைத்த புது ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எதுக்குடி இப்பவே இதைப் போடறே?" என்றேன்.

"டாக்டருங்க முன்னாடி பழசு போட்டுக்கினு நிக்க சொல்றியா அத்த? அதுல ரெண்டு பேரு பொண்ணுங்க. பட்டணத்துப் பொண்ணுங்க. இஸ்திரி கலையாத புடவ கட்டிக்கினு வருவாங்க தெரியுமா?"

நிலையத்தில் ஒரு நீளமான கூடம். ஒரு மூலையில் துணித் தடுப்பு, அதற்குள் கட்டில். வெள்ளைக் கோட்டுப் போட்ட பிள்ளைகள் சுமார் பன்னிரண்டு பேர் இருந்தார்கள், வந்து மூன்று வாரம் ஆன பேட்ச். பெரிய டாக்டர் என்னைப் பார்த்து, "அம்மா வரலையா? இவங்க யாரு?" என்று அவளிடம் கேட்டார்.

"எங்க அத்த சார். டீச்சர்."

"வெரி குட்," என்றார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நான் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

யாரும் சொல்லாமலே அவள் தாழ்வாரத்துக்குப் போய்ப் படியில் ஏறி இறங்க ஆரம்பித்தாள். வீட்டைவிட அங்கே படிகள் உயரம். ஆறாவது தடவை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இன்னும் ரெண்டு, ரெண்டே ரெண்டு," என்று ஒரு பையன் உற்சாகப்படுத்தினான். அவள் ஏறினாள். மூச்சிரைக்க உள்ளே வந்து கட்டிலில் படுத்து, தானாகவே இடப்பக்கம் ஒருக்களித்தாள். ஜாக்கெட்டின் கொக்கிகளையும் தானாகவே அவிழ்த்தாள். வரிசை நகர்ந்தது. ஒவ்வொருவராகத் தடுப்புக்குள் குனிந்து கேட்டுவிட்டு வந்தார்கள்.

என் பக்கத்தில் ஒரு பையன் வரிசைக்குக் காத்துக்கொண்டு நின்றான். நல்ல முகம். மரியாதையாகக் கேட்டேன்:

"ஏம்ப்பா, இந்தப் படியேற்றம் இன்னும் எத்தனை நாள் செய்யணும்? எப்போ குணமாகும்?"

அவன் விழித்தான். "குணமா? அது... அதுக்கில்லீங்க. மூச்சு வாங்கினா உள்ள சத்தம் நல்லா கேக்கும். சும்மா படுத்திருந்தா எங்களுக்குப் பிடிபடாது, அதான்."

"அப்படின்னா வீட்டில தினம் செய்யறது?"

"வீட்டுலயா?" அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு என் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான். "அய்யய்யோ, வீட்டுல எல்லாம் செய்யக்கூடாதுங்க. இந்த நெஞ்சுக்கு ஆகவே ஆகாது. யார் சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. செய்யச் சொல்லி யாரும் சொல்லவில்லை, செய்யாதே என்றும் யாரும் சொல்லவில்லை. வீட்டில் என்ன செய்கிறாய், தறியில் எவ்வளவு நேரம் உட்காருகிறாய், ராத்திரி படுத்தால் தூக்கம் வருகிறதா என்று ஒருவர் அவளைக் கேட்டிருந்தால் முதல் மாதமே தெரிந்திருக்கும். அவர்கள் நெஞ்சை மட்டும் கேட்டார்கள். நெஞ்சுக்குச் சொந்தக்காரிக்கும் வாய் இருந்தது. அது அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

நான் எழுந்துபோய் என்ன கேட்பது என்று யோசிப்பதற்குள் பெரிய டாக்டர் பாடத்தைத் தொடங்கிவிட்டார். கேள்வியும் ஆங்கிலம், பதிலும் ஆங்கிலம். எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது. ஆனால் பாடம் கேட்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசினால் புரியும். அங்கே நிறுத்தி நிறுத்தித்தான் பேசினார்கள். அவள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, தலைப்பைச் சரிசெய்துகொண்டு, பேசுகிறவர் முகத்தையெல்லாம் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதில் சொன்னது ஒரு பெண். கண்ணாடி போட்டவள். இதயத்தின் உள்ளே ஒரு வாசல் சுருங்கியிருக்கிறது என்றாள். சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததன் விளைவு என்றாள். உண்மைதான், ஏழு வயதில் அவளுக்கு அப்படி ஒரு காய்ச்சல் வந்தது. இப்படியே விட்டால் என்ன ஆகும் என்று டாக்டர் கேட்டார். மூச்சுத்திணறல் கூடிக்கொண்டே போகும். இந்தப் பெண்ணுக்குக் கல்யாணமாகிக் கருத்தரித்தால்? கடைசி மாதங்களில் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், பிரசவத்தைத் தாங்குவது சந்தேகம், தாய் பிழைக்கமாட்டாள் என்றே சொல்லலாம். சிகிச்சை? சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து அந்த வாசலை விரித்துவிடலாம், காலத்தோடு செய்தால் நன்றாக இருப்பார்கள்.

"குட்," என்றார் டாக்டர்.

என் பக்கத்தில் இருந்தவர்களில் ஒருவன் இன்னொருவன் காதில் தமிழில் சொன்னான்: "ஆபரேஷன் பண்ணி சத்தம் நின்னுபோச்சின்னா அடுத்த பேட்ச் பசங்க எதை மச்சான் கேப்பானுங்க?" இருவரும் குலுங்கினார்கள்.

அவள் கட்டிலில் இருந்து என்னைப் பார்த்துப் புன்னகை செய்தாள். முடிந்துவிட்டது, போகலாம் என்று அர்த்தம்.

நான் எழுந்தேன். வகுப்பில் பேசுகிற குரலில்தான் பேசினேன். எனக்கு வேறு குரல் கிடையாது.

"டாக்டர், இந்தப் பெண்ணுக்கு வர்ற வெள்ளிக்கிழமை நிச்சயம். ஆவணியில் கல்யாணம்."

"ஓ, அப்படியா? ரொம்ப சந்தோஷம்," என்றார். பழக்கத்தில் வந்த சொல்தான். சொன்ன பிறகுதான் தாம் சொன்னது அவருக்கே உறைத்திருக்கவேண்டும். "கொஞ்சம் வெளிய இருங்கம்மா, கிளாஸ் நடக்குது."

"கிளாஸ் என்ன நடந்ததுன்னு எனக்குப் புரிஞ்சுது. கல்யாணம் பண்ணா செத்துப்போவான்னு அந்தப் பெண் சொல்லிச்சு, நீங்க குட்னு சொன்னீங்க. இதை எங்க கிட்ட யார் சொன்னாங்க?"

வெள்ளைக் கோட்டுகள் எல்லாம் என் பக்கம் திரும்பின.

"சொல்லியிருப்பாங்களே," என்றார்.

"யாரு?"

"முதல்ல உங்க தெருவுக்கு வந்த பேட்ச். சர்வே பண்ணவங்க. அவங்கதானே கண்டுபிடிச்சது." வாசலில் நின்ற உதவியாளரைப் பார்த்தார். "ஏம்ப்பா, வீட்ல விவரம் சொல்லலையா?"

"நான் ஜீப்புல இட்டாரதோட சரி சார். எனக்கு இன்னா தெரியும்?" என்றார் அவர்.

"இந்தப் பொண்ணோட அம்மா ரெண்டு வருஷமா இதே பெஞ்சில உட்கார்ந்திருக்காங்க. அவங்களுக்கு நீங்க சொல்லலாமே?"

"பாருங்கம்மா, இது டீச்சிங் சென்டர். ட்ரீட்மென்ட் எல்லாம் ஆஸ்பத்திரி வேலை. நீங்களும் டீச்சர். படிக்கிற பசங்க நாலு கேஸ் பார்க்கலைன்னா நாளைக்கு எப்படி வைத்தியம் பண்ணுவாங்க? நாட்டுக்கு டாக்டர் வேணாமா?"

நான் ஆசிரியை என்பதை அவர் ஞாபகப்படுத்தியது நல்லதாயிற்று. என் வகுப்புக்கும் வருடாவருடம் பயிற்சி ஆசிரியைகள் வருகிறார்கள். என் பிள்ளைகளை வைத்துத்தான் பாடம் நடத்தக் கற்றுக்கொள்கிறார்கள். தப்பும் தவறுமாக நடத்துவார்கள், நான் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். கற்றுக்கொள்ளவேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர்கள் போன பிறகு அந்தப் பாடத்தை என் பிள்ளைகளுக்கு மறுபடி நான் நடத்தாமல் விட்டதில்லை. பெருக்கல் தெரியாத பிள்ளை ஒன்று வகுப்பில் இருந்தால் பயிற்சிக்கு வசதியாக இருக்கிறது என்று அதை அப்படியே வைத்திருந்தால் என்னை என்ன சொல்வீர்கள்? இதை அவரிடம் கேட்டேன். இதே சொற்களில் இல்லை, இன்னும் கடுமையாக.

அவர், "நீங்க எமோஷனலா பேசறீங்க," என்றார். கடிகாரத்தைப் பார்த்தார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

அவர் கெட்டவர் என்று நான் எழுதப்போவதில்லை. எழுத எனக்கு ஆசைதான். கெட்டவராக இருந்திருந்தால் கோபத்தை ஓர் இடத்தில் இறக்கி வைத்திருப்பேன். முதல் பேட்ச் பெரிய டாக்டர் சொல்லிவிட்டார் என்று நினைத்தது. இரண்டாவது பேட்ச், முதல் பேட்ச் சொல்லிவிட்டது என்று நினைத்தது. மூன்றாவது, நான்காவது, எல்லோரும் அப்படியே. பெரிய டாக்டருக்கு அவள் வருடத்தில் பலமுறை வந்துபோகும் பாடம். எங்கள் வீட்டிலோ, இத்தனை பேர் கேட்டும் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லையே, அப்படியானால் குணமாகிக்கொண்டு வருகிறது என்று நினைத்தார்கள். எத்தனை பேர் கேட்டார்களோ அத்தனைக்கு அவள் பத்திரமாக இருக்கிறாள் என்று எல்லோரும் நம்பினார்கள். ஒரே ஒருவர் கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். இதை விடப் பெரிய அக்கிரமம் உண்டா? யாரையும் கையைக் காட்டிச் சொல்ல முடியாத அக்கிரமம்.

தாழ்வாரத்தில் கண்ணாடிப் பெண் எங்கள் பின்னாலேயே வந்தாள்.

"அம்மா, உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். சத்தியமா."

"மூணு வாரமா கேட்டுக்கினு இருக்கியே, ஒரு தடவை ஆபரேஷன் எப்போன்னு அவளைக் கேட்டிருக்கலாமே?"

அவளுக்குக் கண் கலங்கியது. அதைப் பார்த்து எனக்கு இரக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. பிறகு, "செவ்வாய்க்கிழமைதான் பெரிய ஆஸ்பத்திரியில இதயத்துக்குப் பார்க்கிற நாள். நாளைக்கே போங்க. ஏழு மணிக்குச் சீட்டுக் கொடுக்க ஆரம்பிப்பாங்க. என்ன நோய், என்ன செய்யணும்னு நான் எழுதித் தரேன். இவங்க இனிமே படியேறக்கூடாது, தறி வேலையும் வேண்டாம்," என்று மடமடவென்று சொல்லி, கோட்டுப் பையில் இருந்த தாளில் எழுதிக் கொடுத்தாள். எழுதி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு வருடமாக எங்களுக்குக் கிடைக்காதது அந்த இரண்டு நிமிடம்.

கிளம்பும்போது உதவியாளர் வழக்கம்போல் ஒரு பிஸ்கட் பொட்டலத்தை அவள் கையில் வைத்தார். ஒவ்வொரு முறையும் கொடுப்பதுதான். உங்கள் ஜீப் வேண்டாம் என்று சொல்ல எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. அவளை அவ்வளவு தூரம் நடத்தி அழைத்துப்போக முடியாது. அதே ஜீப்பில்தான் ஏறினோம்.

"ஏன் அத்த அவருகிட்ட சண்ட போட்ட? வெள்ளிக்கெழம விசேஷத்த வெச்சிக்கினு, நல்லவங்க வாயில விழலாமா?"

"இறங்கிச் சொல்றேன்."

"எப்பவும் பியூட்டிஃபுல்னு சொல்லுவாரு அவரு. அழகா இருக்குதுன்னு அர்த்தம்னு சொன்னான் ஒருத்தன். நல்லா ஆயிக்கினு வருதுன்னு நான் நெனச்சிக்கினு இருக்கேன், நீ இன்னாடான்னா..."

அவள் பிஸ்கட்டைப் பிரித்து எனக்கு ஒன்று நீட்டினாள். நான் வாங்கவில்லை.

வீட்டில் தம்பியும் அவன் மனைவியும் இருந்தார்கள். தெருக்கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவளை வைத்துக்கொண்டே சொன்னேன். இத்தனை காலம் அவள் முன்னாலேயே அவளுக்குத் தெரியாமல் பேசியது போதும். ஆங்கிலத்தில் கேட்டதை ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன், பிரசவத்தைப் பற்றியதையும்.

தம்பி மனைவி மாடிப்படியைப் பார்த்தாள்.

"நான்தானே எண்ணினேன்," என்றாள். "அண்ணி, அவ ஒம்பதுல நின்னா நான்தானே இன்னும் ஒண்ணுன்னு சொல்லுவேன்..." தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். அவள் மேல் எனக்குத் துளிகூடக் கோபம் இல்லை. ஒரு தாயை இப்படி எண்ண வைத்தவர்கள் மேல்தான் கோபம்.

தம்பி குழியில் இருந்து எழவில்லை. "யாருகிட்டயும் மூச்சு விடாதக்கா," என்றான். "நாலு நாள்ல நிச்சயம். கல்யாணம் முடியட்டும். அப்புறமா அவங்களே பாத்து வைத்தியம் பண்ணிக்கட்டும்."

"அவளுக்குக் குழந்தை உண்டானா?"

"எல்லாருக்கும் உடனே ஆயிடுதா?"

"ஏண்டா, பொண்ணை வெச்சு சூதாடறியா?"

"இன்னா பண்ண சொல்ற? நெஞ்சுல கோளாறுன்னு தெரிஞ்சா எவன் கட்டுவான்? ஆபரேஷன்னா நெஞ்சக் கிழிப்பாங்க. தழும்பு இருக்கும். ஆஸ்பத்திரிக்காரன் எவன் எவனோ பாப்பான். ஊரு இன்னா பேசும்? மானம்னு ஒண்ணு இருக்குதில்ல?"

படியில் உட்கார்ந்திருந்தவள் அப்போது வாயைத் திறந்தாள். பிஸ்கட் பொட்டலம் இன்னும் மடியில் இருந்தது.

"நைனா, ஒவ்வொரு தடவையும் பத்து பன்னெண்டு ஆம்பள பசங்க. நான் ஜாக்கெட்ட அவுத்துக்கினு படுத்திருப்பேன். ஒருத்தன் கை ஜில்லுனு இருக்கும், ஒருத்தன் கை நடுங்கும். கண்ண மூடிக்கினு சாமி பேர சொல்லிக்கினு இருப்பேன், வைத்தியமாச்சேன்னு. அப்ப எல்லாம் நீ வெத்தல பாக்கு வெச்சி அனுப்பின. அதுக்கு வராத மானம் ஆபரேஷனுக்கு வருதா?"

அவள் அப்பனிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. குரலை உயர்த்தவில்லை. உயர்த்த அவளுக்கு மூச்சு இல்லை.

"நாளைக்கு நான் அத்தகூட பட்டணம் போறேன். நீ வந்தாலும் வா, வராட்டியும் போ. அவங்க வீட்ல சொல்லிடு. சொல்லாம கட்டிக்கினு போயி, நாளைக்கு நான் செத்தா அந்தப் பையன் இன்னா பாவம் பண்ணான்?"

தம்பி நாடாவைக் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டே இருந்தான். பிறகு அதைத் தறியின் மேல் வைத்துவிட்டு எழுந்தான். முகம் கழுவி, சட்டை போட்டுக்கொண்டு பிள்ளையார்பாளையத்தில் இருந்த மாப்பிள்ளை வீட்டுக்குப் போனான். தம்பி மனைவி வாங்கி வைத்திருந்த பழங்கள் கூடத்தில் தட்டுகளில் அடுக்கியபடி இருந்தன. விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்தான்.

"இன்னா சொன்னாங்க?" என்றாள் அவன் மனைவி.

"ஆடி கழியட்டும், பாக்கலாம்னாங்க. வேணான்னும் சொல்லல, சரின்னும் சொல்லல." சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். "பையன் மட்டும் தெருமொன வரைக்கும் கூட வந்தான். எந்த ஆஸ்பத்திரின்னு கேட்டான்."

மகள் திரும்பிச் சுவரைப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய் அந்தப் புது ஜாக்கெட்டைக் கழற்றி, மடித்து, பெட்டிக்குள் வைத்தாள்.

அன்று இரவு நிலையத்தைப் பற்றி நான் நாட்குறிப்பில் எழுதியது இரண்டே வரி. அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. அந்த நிலையத்தில் எத்தனை பிள்ளைகள் அவள் நெஞ்சைக் கேட்டுத் தேர்வில் தேறி டாக்டராகிப் போனார்கள் என்று எனக்குத் தெரியாது. எங்கேயாவது பெரிய பெரிய ஊர்களில் இருப்பார்கள். அந்தச் சத்தத்தை வேறொரு நெஞ்சில் கேட்டால் உடனே கண்டுபிடிப்பார்கள், அதில் சந்தேகமில்லை. அவர்களுக்கு நான் ஒன்று சொல்லவேண்டும். நீங்கள் முதன்முதலில் அதைக் கேட்ட நெஞ்சுக்குச் சொந்தக்காரி, உங்கள் பாடத்துக்காக ஏறிய படியை வைத்தியம் என்று நம்பித் தினமும் விடியற்காலையில் தன்னைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றுகொண்டிருந்தாள். உங்களில் ஒருவரும் அவள் பெயரைக் கேட்கவில்லை. கேஸ் என்றுதான் கூப்பிட்டீர்கள்.

மறுநாள், 29ஆம் தேதி செவ்வாய்க்கிழமை, முதல் பஸ்ஸைப் பிடிக்க இருட்டோடு எழுந்தோம். தம்பி ரிக்‌ஷா கூப்பிடப் போயிருந்தான். அவள் முகம் கழுவிக்கொண்டு வந்து, பழக்கத்தில் முதல் படியில் ஒரு காலை வைத்தாள். அடுப்பங்கரையில் இருந்து எண்ணும் குரல் வரவில்லை. ஒரு கணம் அப்படியே நின்றாள். பிறகு காலை எடுத்துவிட்டு அதே படியில் உட்கார்ந்தாள்.

"அம்மா," என்றாள், "காப்பி குடு."

இரண்டு வருடத்தில் முதல் தடவையாக, மூச்சு வாங்காமல் அவள் காலைக் காப்பியைக் குடித்தாள். அன்றைக்கு முதலில் நடந்தது அதுதான்.